கிட்டுவின் பங்கு

செத்துப்போன நாய்க்கு நியாயம் கேட்டு யாராவது துப்பறியும் ஆபீஸ் படியேறுவார்களா என்று போன மாதம் கேட்டிருந்தால் நான் சிரித்திருப்பேன். இந்த மாதம் அப்படி ஒருவர் ஏறி வந்து, எங்கள் ஆபீஸின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். புனேயில் கேம்ப் என்ற பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை. காலையில் பன் வாசனை, மதியம் கேக் வாசனை, சாயங்காலம் மேடத்தின் கோபம். மேடம் என்றால் பார்கவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுச் சொந்தமாக மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார். நான் விச்சு, அவருடைய உதவியாளன். அதற்கு முன் ஊருக்கு வெளியே சாகணில் ஒரு தொழிற்சாலையில் நட்டு போல்ட்டுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தேன். இன்ஸ்பெக்டர் என்ற வார்த்தையை நம்பி என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டதுதான் மேடம் இதுவரை ஏமாந்த ஒரே கேஸ்.

வந்தவர் பெயர் ஜம்புநாதன். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புனேயிலேயே வானவடியில் ஃபிளாட். மனைவி அபயாம்பாள், சொந்த ஊர் மாயவரம். குழந்தை கிடையாது. கிட்டு இருந்தான். வெள்ளைக் கழுத்தும் பழுப்பு உடம்புமாக, எந்த ஜாதி என்று யாராலும் சொல்ல முடியாத நாய். கிட்டு தயிர்சாதம் சாப்பிடுவான், விஷ்ணு சகஸ்ரநாமம் கேட்டால் படுத்துத் தூங்குவான், மாமி கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பான்.

மார்கழி நடுவில் ஒருநாள் கிட்டு வாந்தி எடுத்தான். சாப்பிட மறுத்தான். தண்ணீரை மட்டும் நக்கி நக்கிக் குடித்தான். பக்கத்திலிருந்த டாக்டர் நேர்லேகரின் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஊசி போட்டார், சலைன் ஏற்றினார், சிறுநீரகம் போய்விட்டது என்றார். அன்று சாயங்காலமே கிட்டு மாமியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு போய்விட்டான்.

"நல்லா ஓடிண்டிருந்த கொழந்தை மேடம். சிறுநீரகம் எப்படித் திடீர்னு போகும்? ஊசில ஏதோ கோளாறு" என்றார் ஜம்புநாதன்.

ஆதாரம் என்ன என்று மேடம் கேட்டார். அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். சிறுநீரகம் ஏன் போனது என்று அன்றைக்குக் கேட்டதற்கு டாக்டர் தெரியவில்லை என்றார். சொசைட்டிக்காரர்கள் காம்பவுண்டுக்குள் புதைக்கக் கூடாது என்று தகராறு செய்தபோது, ஊருக்கு வெளியே சாஸ்வட் பக்கம் தன் அண்ணனுக்கு நிலம் இருக்கிறது என்று டாக்டரே சொல்லித் தன் வேனிலேயே உடலை ஏற்றிக்கொண்டு போனார். அதாவது, தடயத்தை அப்புறப்படுத்திவிட்டார். சில நாள் கழித்து ஜம்புநாதன் மறுபடி போய்ச் சத்தம் போட்டபோது பதிலே பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தப்பு பண்ணாதவன் எதுக்குத் தலை குனியணும்? அவன் இனிமே ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தொடப்படாது. வெட்னரி கவுன்சில்ல புகார் குடுக்கப் போறேன். அதுக்கு எனக்கு நிரூபணம் வேணும்."

"உங்களுக்கா, மாமிக்கா?" என்றார் மேடம்.

அவர் குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ பேசறதே இல்லை. சமைக்கறா, கோலம் போடறா, பூஜை பண்றா. வாய் திறக்க மாட்டேங்கறா. இன்னார்தான் காரணம்னு தெரிஞ்சா அவனைத் திட்டியாவது அழுது தீர்த்துப்பா. அவ குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு."

மேடம் கேஸை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே வானவடிக்குப் போனோம். மேடத்தின் கைனடிக் ஹோண்டாவில் பின்னால் நான். முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய வண்டி ஓட்டுவது புனே பெண்களின் வழக்கம். துப்பறிபவருக்கு இதைவிட நல்ல மாறுவேஷம் எந்த ஊரில் கிடைக்கும்?

வாசலில் அரிசி மாக்கோலம். உள்ளே நெய் வாசனை. மாமி எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். காபி கொண்டுவந்து வைத்தார். மேடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆமாம், இல்லை என்று தலையாலேயே பதில் சொன்னார். சமையலறை மூலையில் ஒரு எவர்சில்வர் தட்டு கழுவித் துடைத்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் 'கிட்டு' என்று பேர் வெட்டியிருந்தது. வீட்டு மனிதர்களுக்குத்தான் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள். எனக்கு என் அம்மா வெட்டியதில்லை.

தட்டைப் பார்ப்பதை ஜம்புநாதன் கவனித்துவிட்டார். மார்கழி முழுக்க மாமி விடியற்காலையில் எழுந்து சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் பண்ணுவார் என்றும், முதலில் சுவாமிக்கு, அடுத்த பங்கு கிட்டுவுக்கு, அப்புறம்தான் தனக்கு என்றும் சொன்னார். நடுவில் நிறுத்தக் கூடாது என்பதால் இப்போதும் பண்ணிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டு, பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தவர்போல ஒரு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். முந்திரியும் உலர்திராட்சையும்.

"சாங்லி திராட்சை. கடைல இந்தத் தரம் கிடைக்காது. ஆபீஸ் சிநேகிதர் பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டு, இவளுக்குன்னு பெரிய பையா வாங்கிண்டு வந்தேன். பஸ்ல மடியிலயே வெச்சுண்டு வந்தேன்."

உண்மையிலேயே பிரமாதமான திராட்சை. கறுப்பாக, கொழுகொழுவென்று. சாப்பிட்டது போக ஒரு பிடி சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டேன். மேடம் அதைப் பார்த்து முறைத்தார்.

அடுத்த காரியம் கிளினிக். கையை வீசிக்கொண்டு போனால் சந்தேகம் வரும் என்பதால் ஒரு நாய் தேவைப்பட்டது. எங்கள் ஆபீஸுக்கு எதிர் வீட்டு டீச்சர் செல்வமேரியிடம் ஒரு பொமரேனியன் இருந்தது. பெயர் பிஸ்கட். அதற்கு ஒரு நோயும் இல்லை. எதிரே வருபவர்கள் எல்லோரையும் வெறுப்பதை நோய் என்று சொல்ல முடியாது. டீச்சர் ஆயிரம் நிபந்தனை போட்டு அதை என்னிடம் கொடுத்தார். ஆட்டோவில் போகும்போதே என் விரலை ருசி பார்த்தது.

டாக்டர் நேர்லேகரின் கிளினிக் ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வராந்தாவோடு இருந்தது. பெஞ்சு நிறைய நாய்களும் பூனைகளும் அவற்றின் சொந்தக்காரர்களும். நான் கொஞ்சம் வாயைக் கொடுத்ததும் அவர்கள் மடை திறந்துவிட்டார்கள். ராணுவ குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், கேம்பில் ஒரு பெரிய டாக்டரிடம் போனதாகவும், அவர் நாயைத் தொடாமலே மூன்று பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். இன்னொருவர் போன இடத்தில் டாக்டர் பூனைக்கு வைத்தியம் பார்த்ததைவிட அதற்கான சாப்பாட்டு மூட்டையை விற்பதில்தான் மும்முரமாக இருந்தாராம். யாரை நம்பித்தான் வாயில்லாத ஜீவனைக் கொடுப்பது என்று எல்லோருமே புலம்பினார்கள்.

அப்படியானால் இந்த டாக்டர் தேவலையா என்று கேட்டேன். உடனே எல்லோர் முகமும் சுருங்கியது. இவர் ஊசி கேட்டால் போட மாட்டார். முக்கால்வாசிக் கேள்விக்குத் தெரியவில்லை என்பார். புத்தகத்தைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்பார். ஒரு டாக்டர் இப்படிச் சொன்னால் நம்பிக்கை வருமா?

"இப்போது புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது" என்றார் ராணுவக் குடும்பத்து அம்மாள் ஹிந்தியில். "நாயைப் பார்ப்பதற்கு முன்னால் சமையலறையைப் பார்க்கிறார். வீட்டில் என்ன பிரசாதம், சத்யநாராயண பூஜைக்கு ஷீரா பண்ணுவீர்களா, அதை நாய்க்குக் கொடுப்பீர்களா என்று கேட்கிறார். ஷீரா சாப்பிட்டு எந்த நாய் செத்தது?"

ஷீரா என்றால் நம்ம ஊர் ரவா கேசரி. இந்தக் கேள்வியெல்லாம் எப்போதிலிருந்து என்று கேட்டேன். முன்பெல்லாம் இல்லை, இந்தப் புது வருஷத்திலிருந்துதான் என்று அவர் சொன்னார். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

என் முறை வந்தது. டாக்டர் நேர்லேகருக்கு நாற்பது வயது இருக்கும். தூக்கமில்லாத கண். சட்டைக் கையில் யாரோ நகத்தால் கிழித்த கோடு. பிஸ்கட் மேஜை மேல் ஏற மறுத்தது. சட்டைப் பையிலிருந்த திராட்சை ஞாபகத்துக்கு வர, இரண்டை எடுத்து அதன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

டாக்டர் மேஜையைச் சுற்றி வரவில்லை. மேஜை மேலேயே பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். திராட்சை கீழே விழுந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. எத்தனை கொடுத்தாய், எப்போதிலிருந்து கொடுக்கிறாய், இதுவரை தின்றதா என்று அடுக்கிக்கொண்டே பிஸ்கட்டின் வாயைத் திறந்து பார்த்தார். பிஸ்கட் கடித்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கொடுக்கவேயில்லை என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் உட்கார்ந்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, நீ தமிழா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"உங்கள் வீட்டில் இந்த மாதம் பொங்கல் பண்ணுவார்களா? காலையில், தினமும்? அதில் இதைப் போடுவார்களா?"

திரும்பி வந்து இதையெல்லாம் மேடத்திடம் நடித்துக் காட்டினேன். கொலைகாரன் இல்லை, சமையல்காரன் என்று முடித்தேன். மேடம் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"விச்சு, அந்த டாக்டர் மராட்டி. இட்லி தெரிஞ்சிருக்கும், தோசை தெரிஞ்சிருக்கும். மார்கழில தினமும் பொங்கல் பண்ணுவாங்க, அதுல திராட்சை போடுவாங்கன்னு அவருக்கு யார் சொன்னா?"

மேடம் மேஜைக் காலண்டரை இழுத்துப் பார்த்தார்.

"அந்த ஆர்மி லேடி எப்போலேர்ந்துன்னு சொன்னா?"

"புது வருஷத்துலேர்ந்து."

"கிட்டு போனது அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. சலோ, வண்டியை எடு."

டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாய் எங்கே என்று கேட்டார். மேடம் துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, நாங்கள் ஜம்புநாதன் அனுப்பி வந்தவர்கள் என்று நேராகவே சொன்னார். அவர் மறுக்கவில்லை. உட்காரச் சொன்னார். கையில் பிஸ்கட் கடித்த இடத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

அன்றைக்குக் கிட்டு கிளினிக்கிலும் வாந்தி எடுத்தான். அதில் கறுப்பாக ஏதோ கிடந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மாமிக்கு ஹிந்தி அரைகுறை. பொங்கல் என்றார், சைகையில் பானை, வெல்லம், திராட்சை என்று காட்டினார். என் கையாலேதான் தினமும் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கையை விரித்தும் காட்டினார். டாக்டரும் தலையாட்டிவிட்டார். கல்லூரியில் அவருக்குத் திராட்சை நாய்க்கு விஷம் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நன்றாக இருந்த நாய்க்குச் சிறுநீரகம் ஒரேயடியாகப் போனது மட்டும் அவருக்கு உறுத்தியது. புதைத்துவிட்டு வந்த பிறகு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தேடினார். வெளிநாட்டு மருத்துவர்கள் சமீபத்தில்தான் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். திராட்சை சில நாய்களை ஒன்றும் செய்யாது. சில நாய்களின் சிறுநீரகத்தை முடித்துவிடும். ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"அவர் மறுபடி வந்து கத்தினபோது இதைச் சொல்லியிருக்கலாமே. உங்கள் மேல் பழி வந்திருக்காது" என்றார் மேடம்.

"அந்த அம்மா வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். அவர் எப்படித் தப்பிப்பார்? தினமும் காலையில் அந்தக் கையால்தானே விளக்கு ஏற்ற வேண்டும்?"

புகார் கொடுத்தால் பெயரே போய்விடுமே என்று நான் கேட்டேன். கொடுக்கட்டும், எனக்கும் தெரியாமல் போனது தப்புதானே என்றார். எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, பிஸ்கட்டுக்கு அடுத்த மாதம் தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்ல மட்டும் மறக்கவில்லை.

வண்டி கேம்ப் வந்ததும், ஜம்புநாதன் நம்மை அமர்த்தியது உண்மையைக் கண்டுபிடிக்கத்தானே என்று கேட்டேன். உண்மை அவருக்கு எதற்கு வேண்டும் என்றார் மேடம். மாமியைப் பேச வைப்பதற்கு. இந்த உண்மையைச் சொன்னால் மாமி இந்த ஜன்மத்தில் வாய் திறப்பாரா? பிறவியிலேயே சிறுநீரகம் பலவீனம், டாக்டர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். பொய் கிளெய்ம்களைப் பிடித்தே வாழ்ந்தவர், தானே ஒன்று தயார் செய்துகொண்டிருந்தார். அதைச் சொல்லிக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் போகி. புகாரைக் கொடுக்க ஜம்புநாதன் அன்று கிளம்பிவிடுவார் என்பதால் காலையிலேயே வானவடிக்குப் போனோம். நல்ல பனி. கேட்டுக்கு அருகில் ஒரு கறுப்புத் தெருநாய் சுருண்டு படுத்திருந்தது. குட்டி என்றும் சொல்ல முடியாது, பெரிது என்றும் சொல்ல முடியாது.

மாமிதான் கதவைத் திறந்தார். மாமா கரும்பு வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார். சொன்னார் என்றால் வாயால் சொன்னார். அந்தக் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். மெல்லிசான குரல், நீண்ட நாள் உபயோகிக்காததால் கொஞ்சம் கரகரத்தது.

"உக்காருங்கோ. ஒரு நிமிஷத்துல வந்துடறேன். கீழே ஒண்ணு படுத்துண்டிருக்கே, பார்த்தேளா? நேத்திலேர்ந்து வரது. இன்னியோட மார்கழி முடியறது. கிட்டுவோட பங்கை அதுக்குக் குடுக்கலாம்னு தோணித்து."

அவர் கையில் அந்தத் தட்டு. பேர் வெட்டின தட்டு. அதில் ஆவி பறக்கும் சர்க்கரைப் பொங்கல். நெய் மினுமினுத்தது. மேலே கொட்டிக் கிடந்தது, கறுப்பாக, கொழுகொழுவென்று.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். தயார் செய்து கொண்டுவந்த பொய்யில் இதற்கு இடமே இல்லை. மாமி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"மாமி, எனக்குக் குடுங்கோ" என்றேன்.

"உனக்கு உள்ளே இருக்குப்பா."

"எனக்கு இதுதான் வேணும். ரொம்பப் பசிக்கறது."

அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அங்கேயே வாசலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். வாய் வெந்தது. அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். எதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன் நான். அப்போது கண்ணில் தண்ணீர்தான் வந்தது. சூட்டினால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அது நாய்த் தட்டு" என்றார் மாமி.

"தெரியும் மாமி."

அவர் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். பொய் சொல்பவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்த மேடம், அந்தப் பார்வைக்கு முன்னால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதுதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது.

மாமி மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"டாக்டர் கேட்டார். கறுப்பா இருக்கே, என்னன்னு. நான்தான் சொன்னேன். அப்புறம் இவர் சண்டை போடப் போனப்ப, நான் ஆட்டோல இருந்தேன். அந்த மனுஷன் இவரைப் பார்க்கவேயில்லை. குனிஞ்ச தலையோட என்னைத்தான் பார்த்துண்டிருந்தார். என்னடா இதுன்னு அன்னிலேர்ந்து யோசிச்சிண்டே இருக்கேன்." என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "திராட்சையா?"

மேடம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாது மாமி. டாக்டருக்கே அன்னிக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"மத்த வருஷமெல்லாம் பேருக்கு நாலு போடுவேன். கிட்டுவுக்கு ஒண்ணும் ஆனதில்லை. இந்தத் தடவை பை நிறைய இருந்ததா, தாராளமாப் போட்டேன். அவன் அதைத்தான் மொதல்ல பொறுக்கித் திம்பான். தின்னுட்டு என் மொகத்தைப் பார்ப்பான். அவனுக்குப் பிடிக்கறதேன்னு மறுநாள் இன்னும் கொஞ்சம் போட்டேன். அதுக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்."

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். நான் காலித் தட்டோடு எழுந்து நின்றேன். மேடம் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த திராட்சைப் பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"இதை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிடு. இவர் வரதுக்குள்ளே. இவருக்கு மட்டும் தெரியப்படாது."

"அவர் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டார் மாமி" என்றார் மேடம்.

"என்னைச் சொல்ல மாட்டார். எனக்காக வாங்கிண்டு வந்தது அவர்தானே? மடில வெச்சுண்டு வந்தாராம், பஸ்ல. தெரிஞ்சா தாங்க மாட்டார். டாக்டர் மேல தப்பில்லைன்னு மட்டும் சொல்லிடுங்கோ. நான் ஒருநாள் அவரைப் போய்ப் பார்த்துக்கறேன்."

தட்டை வாங்கிக் குழாயடியில் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தில் வெறும் தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தார். அதை மேடத்திடம் நீட்டி, இதைக் கொடுக்கலாமா என்று கேட்டார். தன் சமையல் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. கொடுக்கலாம் மாமி என்றார் மேடம். மாமி கிண்ணத்தை எங்களிடமே கொடுத்தனுப்பினார்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் ஜம்புநாதன் எதிரே வந்தார். தோளில் கரும்பு, கையில் மஞ்சள் கொத்து. ஸ்வெட்டருக்குள் புகார்க் கவர் துருத்திக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றார். மேடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறவியிலேயே பலவீனமான சிறுநீரகம். எந்த டாக்டராலும் காப்பாற்றியிருக்க முடியாது. நேர்லேகர் அவரால் முடிந்ததைச் செய்தார். புனேயில் ஒரு நாயை நம்பி ஒப்படைக்கலாம் என்றால் அவரிடம் ஒப்படைக்கலாம். சொன்னதில் கடைசி வாக்கியம் நிஜம்.

அவர் கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ யார் மேலயும் தப்பில்லையா?"

"இல்லை சார்."

"நான் அந்த டாக்டரை என்னவெல்லாமோ பேசிட்டேன்." ஸ்வெட்டருக்குள்ளிருந்து கவரை எடுத்து இரண்டாகக் கிழித்து, அதையும் நாலாகக் கிழித்தார். பிறகு நிமிர்ந்து, "அவகிட்ட சொன்னேளா? என்ன பண்ணினா?" என்றார்.

"பேசினா மாமா" என்றேன் நான். "நிறையப் பேசினா. அழுதா."

"பேசினாளா?"

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. என் கையில் கிட்டுவின் சாவு கனத்துக்கொண்டிருந்தது. அவர் அவசரமாக எழுந்தார், கரும்பைத் தூக்கித் தோளில் வைத்தார். அப்போதுதான் என் கையிலிருந்த பையைக் கவனித்தார்.

"சாங்லி திராட்சையா? அவளே குடுத்தாளா?"

"ஆமாம் மாமா."

"அப்போ உன்னைப் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். லேசுல யாருக்கும் குடுத்துட மாட்டா" என்றார். "வீணாக்கிடாதே, சாப்பிடு. அடுத்த தடவை சாங்லி போறச்சே உனக்கும் சேர்த்து வாங்கிண்டு வரேன். மடிலயே வெச்சுண்டு வந்துடுவேன், நசுங்காது."

சரி மாமா என்றேன். அவர் படியேறிப் போனார். மேலே கதவு திறக்கும் சத்தமும், மாமி அவரிடம் ஏதோ சொல்லும் குரலும் கேட்டன. கீழே அந்தக் கறுப்பு நாய் எழுந்து நின்று, எங்கள் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்து வாலாட்டியது.